பெருவிரல் பக்கம்

செக்காலை ரோட்டில்
டயர் கடைக்கு மேல்மாடியில்
எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அடி அல்ல.
மணிக்கட்டை ஒருவன் பிடித்துவிட்டால்
எப்படிக் கழன்றுகொள்வது என்பது.
நான்கு விரல் சுவர். பெருவிரல்தான் வாசல்.
இழுக்காதே, அந்தப் பக்கம் திரும்பு.
கீழே பஞ்சர் ஒட்டுகிற சத்தம், ரப்பர் நெடி.
ஐந்நூறு தடவை திரும்பினேன்.

பிறகு பதினாறு வருஷம் குங்ஃபூ.
காரைக்குடிக் கல்யாண மண்டபங்களில்
நான் உடைத்துக் காட்டிய ஓடுகளை
யாரும் கணக்கு வைக்கவில்லை.
சிவகங்கைப் போட்டியில்
மானாமதுரை ஜெபமணியின் காறையெலும்பு
என் கையோரத்தில் உடைந்தது.
சீடை கடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.
கோப்பை கொடுத்தார்கள்.
பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு
வழியெல்லாம் என் கழுத்தடியைத் தடவிக்கொண்டே வந்தேன்.
உடைத்ததற்குப் பெயர் என்னவென்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பெயர் தேடிப் போய்த்தான்
மதுரைப் பழைய புத்தகக் கடையில் அந்தப் படத்தை வாங்கினேன்.
மொட்டைத் தலைச் சீனக்காரன்,
கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறான்,
உடம்பு முழுக்கக் கோடுகள், நிறுத்தங்கள்,
பஸ் ரூட் போட்ட மாதிரி.
எலும்பு ஒன்றுகூட அதில் இல்லை.
ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் மூன்று வருஷம் படித்தேன்.
வெள்ளரிக்காயில் ஊசி போட்டுப் பழகி,
சாத்துக்குடிக்கு முன்னேறி,
கடைசியில் என் காலுக்கே வந்தேன்.
ஊரில் சொன்னார்கள்:
தேனம்மைக்கு அப்பவும் குத்து, இப்பவும் குத்து.

ஊசி சுலபம். நாடிதான் பிடிபடவில்லை.
மணல் வாளியில் குத்திக் குத்திக்
காய்த்துப்போன விரல்நுனி.
மேலே ஒரு துடிப்பு, நடுவே ஒன்று, அடியில் ஒன்று
என்று கூடப் படித்தவர்கள் சொல்லும்போது
எனக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறி.
எட்டு மாதம் தினமும் தேங்காயெண்ணெய் தடவினேன்.

இப்போது புதுவயலில், அரிசி மில்களுக்கு நடுவே, ஓர் அறை.
வருகிறவர்கள் மேல் தவிட்டுத் தூசி இருக்கும்.
முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி
‘காலின் மூன்று மைல்’ என்றொரு புள்ளி.
மூட்டை தூக்குகிற ராக்கப்பன் சிரிப்பார்:
அப்ப கண்டனூர் போய்ட்டு வந்துரலாம்.
அடிக்கிற இடமும் ஆத்துற இடமும் ஒண்ணுதானாமே
என்று கேட்காத ஆள் இல்லை.
அது சினிமாவில்.
சண்டையில் கிடைத்த இடத்தில் விழும் அடி.
இடம் தெரிய வேண்டியது ஊசிக்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை
மில்லில் பில் போடுகிற பூங்கோதை தலைவலி என்று வந்தாள்.
மூன்று விரல் வைத்தேன்.
வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்தாள்.
நேராக, இழுக்கக் கூடாத பக்கம்.
மணிக்கட்டில் கன்றிப்போன தடம்,
நான்கு வெளியே, ஒன்று உள்ளே.
மறுபடி மெதுவாகத் தொட்டபோது
நாடி வில்லில் ஏற்றிய நாண் மாதிரி இருந்தது.
யார் என்று கேட்கவில்லை.
ரெண்டு ஊசி, இருபது நிமிஷம்.
எடுத்துவிட்டு, அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.
எடுங்க பாப்போம்.
இழுத்தாள்.
இழுக்காதீங்க. திரும்புங்க. என் பெருவிரல் பக்கம்.
ஆறு தடவை முடியவில்லை.
ஏழாவதில் கழன்ற கையை
வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

நோட்டில் ‘சிகிச்சை’ என்ற கட்டம் இருக்கிறது.
ரொம்ப நேரம் யோசித்து,
‘திரும்பச் சொன்னேன்’ என்று எழுதினேன்.
படிக்கிறவர் எப்படி வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை.
மில் சங்கு ஊதும்வரை விளக்கை அணைக்காமல் இருந்தேன்.
என் முன்கையில் அவள் நகம் கிழித்த கோடு,
சீனக்காரன் உடம்பில் இல்லாத கோடு,
பொருக்குத் தட்டியிருந்தது.